முதல் பெயர் தாளாளருக்கு

ஜூலை 3, திங்கள்

முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு இன்று தொடங்கியது. போன வருடத்து டைரியில் மிச்சமிருக்கும் பக்கங்களில்தான் எழுதுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடலாம். தணிகாசலத்தைத் தலைகுனிய வைக்காமல் நான் இந்தக் கல்லூரியை விட்டுப் போக மாட்டேன்.

தணிகாசலம் எங்கள் கல்லூரித் தாளாளர். டாக்டர் கோ. தணிகாசலம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டரும் இல்லை. ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் சென்னை ஓட்டலில் வைத்துக் கொடுத்த பட்டம். கல்லூரிக்குத் தன் அம்மா பெயரை வைத்திருக்கிறார்: கனகாம்பாள் கலை அறிவியல் கல்லூரி. அந்த அம்மாவுக்கு வாசலில் வெண்கலச் சிலை. என் அம்மாவுக்கு எங்கள் வீட்டில், ரேஷன் கார்டு படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். முகம் சரியாகத் தெரிவதில்லை.

நுழைவாயிலில் அந்த ஃபிளெக்ஸ் இன்னும் இருக்கிறது. ‘வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட மாணவிக்கு முழுக் கட்டணச் சலுகை.’ தாளாளர் பல் தெரியச் சிரிக்கிறார், நான் அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அம்மா காரியம் முடிந்த வாரம் எடுத்த படம். தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறேன்.

ஜூலை 10, திங்கள்

சப் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். அப்பா இஸ்திரி வண்டியை மூடிவிட்டு மனுவோடு போய் வெயிலில் நின்றுவிட்டு வந்தார். அதே பதில்தான். மேற்படி இடத்தில் ஏரி இருந்ததற்கு மனுதாரர் ஆதாரம் எதுவும் அளிக்கவில்லையாம்.

எங்கள் தெருவின் பெயர் ஏரிக்கரைத் தெரு. அரசாங்கமே பலகை நட்டிருக்கிறது. கரை இருக்கிறது, ஏரிக்கு மட்டும் ஆதாரம் இல்லை. ஏரிக்குள் கல்லூரி இருக்கிறது, ஐயா. அந்தக் கல்லூரிக்குள்தான் நான் படிக்கிறேன்.

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போக ஒரு கலங்கல் இருந்தது. அங்கிருந்து ஒரு வாய்க்கால் எங்கள் தெருவை ஒட்டி ஓடி ஆற்றில் சேரும். தெருவில் பெய்கிற மழையும் அதில்தான் வடியும். தணிகாசலம் ஏரியைத் தூர்த்துக் கட்டடம் கட்டினார், வாய்க்காலை மூடி அதன்மேல் பின்மதில் எழுப்பினார். அன்றிலிருந்து எங்கள் தெருத் தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது.

ஆனாலும் போன நவம்பரில் வந்தது போல அதற்கு முன் வந்ததில்லை. அன்று மழை சாயங்காலமே விட்டுவிட்டது. முழங்கால் அளவு நின்றது, வடிந்துவிடும் என்று படுத்தோம். மழை விட்ட பிறகு தண்ணீர் எப்படி ஏறியது என்று தெருவில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். ஏரி தன் இடத்தைத் தேடி வந்தது என்பார்கள் சிலர்.

“விடு பாப்பா. பெரிய இடம். நம்மளால முடியாது,” என்றார் அப்பா.

அவருக்குச் சோறு போட்டேன். மோர் புளித்திருந்தது.

ஜூலை 14, வெள்ளி

கடவுள் இருக்கிறார் போல. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். செப்டம்பரில் கல்லூரியில் பன்னாட்டுக் கருத்தரங்கம். பொருள்: ‘நீர் மேலாண்மை, அன்றும் இன்றும்’. ஏரியை விழுங்கியவன் நீர் மேலாண்மைக்குக் கருத்தரங்கம் நடத்துகிறான். கட்டுரைகள் எல்லாம் புத்தகமாக வருமாம். வெளியிட வருகிறவர் சப் கலெக்டர்.

ஆதாரம்தானே வேண்டும்? அவன் கல்லூரி நூலகத்தில், அவன் மின்சாரத்தில், அவன் வாங்கிப்போட்ட நாற்காலியில் உட்கார்ந்து தேடி எடுத்து, அவன் புத்தகத்திலேயே அச்சடித்து, அவன் மேடையிலேயே சப் கலெக்டர் கையில் கொடுக்க வைக்கிறேன். தெருவில் பெரியவர்கள் சொன்னால் பேச்சு, அடிக்குறிப்போடு எழுதினால் ஆய்வு. அவ்வளவுதான் வித்தியாசம்.

“மோத வேணாம்ப்பா. எழுதப் போறேன்,” என்றேன். அப்பாவுக்குப் புரியவில்லை.

ஜூலை 20, வியாழன்

நூலகத்தில் முதல் நாளே தகராறு. பையை வெளியே வை, அடையாள அட்டையைக் கொடு, பதிவேட்டில் கையெழுத்துப் போடு. எல்லாம் செய்தேன். மாவட்டக் கையேட்டின் பழைய பதிப்பைக் கேட்டால் நூலகர் எஸ்தர் மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார்.

“அது ரெஃபரன்ஸ். வெளியே போகாது.”

“இங்கேயே உக்காந்து பாக்குறேன் மேடம்.”

“போன்ல போட்டோ எடுக்கக் கூடாது. தாள் பொடியுது, ஜெராக்ஸும் கிடையாது. கையால எழுதிக்கோ.”

“எதுக்குத்தான் மேடம் வெச்சிருக்கீங்க?”

“கையால எழுதறவங்களுக்கு,” என்றார்.

கையால் எழுதினேன். ஏரியின் பெயர், பரப்பு, பாசனம் பெற்ற வயல்கள், கலங்கல் எந்தத் திசையில் இருந்தது, எல்லாமே இருக்கிறது. விரல் வலிக்கிறது. நல்ல வலிதான்.

நூலகம் கீழ்த்தளத்தில், ஏரியின் ஆழமான பக்கத்தில் இருக்கிறது. அடித்தட்டுகளை எல்லாம் காலியாக விட்டிருக்கிறார்கள். ஈரம் ஏறுகிறதாம். எங்கும் நாப்தலின் உருண்டை வாசனை. அந்த வாசனை எனக்கு ஏனோ குமட்டுகிறது.

ஜூலை 27, வியாழன்

மின்நூலகத்தில் இரண்டு கணினிகள், ஒன்று வேலை செய்கிறது. கடவுச்சொல் கனகாம்பாள். ஏரிகளைத் தூர்த்தால் என்ன ஆகும் என்று பல ஊர்களில் ஆய்ந்து எழுதிய கட்டுரைகள் நிறையக் கிடைத்தன. நாலு கட்டுரைகளை எடுத்தேன்.

எஸ்தர் மேடம் என் குறிப்புத் தாள்களைக் கேட்காமலே எடுத்துப் பார்த்தார்.

“பக்க எண் எங்கே?”

“அப்புறமா போட்டுக்கலாம்னு.”

“பக்க எண் இல்லாம எழுதுனா அது கட்டுரை இல்ல, புரளி. போய் திரும்ப எடு.”

ஒரு நாள் முழுக்கப் போச்சு. எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. தணிகாசலத்தின் வக்கீல் ஒரு பக்க எண்ணைப் பிடித்துக்கொண்டு முழுக் கட்டுரையையும் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

ஆகஸ்ட் 2, புதன்

இன்று கிடைத்ததை எழுத கை பரபரக்கிறது. கல்லூரியின் வெள்ளிவிழா மலர். எஸ்தர் மேடமே ஏணி போட்டு மேலே இருந்து எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் பக்கத்தில் அடிக்கல் நாட்டு விழாப் படம். தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கையில் கடப்பாரையோடு நிற்கிறார். பின்னால் பளபளவென்று தண்ணீர், ஓரத்தில் ஆம்பல். கீழே அவர்களே அச்சடித்திருக்கிறார்கள்: ‘ஏரிக்கரையில் கால்கோள்’.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். அமைதி காக்கவும் என்ற பலகையை மேடம் பேனாவால் தட்டிக் காட்டினார்.

மதியம் எனக்குச் சாப்பாடு இல்லை என்று அவருக்கு எப்படியோ தெரிந்தது. டிபன் பாக்ஸ் மூடியில் எலுமிச்சை சாதம் போட்டு நகர்த்தினார். உப்பே இல்லை. முழுவதும் தின்றேன். அவர் அட்டையில் எனக்கு இரண்டு புத்தகம் கூடுதலாகக் கொடுத்தனுப்பினார். எந்தக் கட்டுரைக்கு இதெல்லாம் என்று கேட்டார், ஏரிகளின் வரலாறு என்றேன். பொய் இல்லையே.

இந்தக் கல்லூரியில் மனுஷி என்று ஒருத்தர் இருக்கிறார். எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 9, புதன்

வீட்டுக்கு வந்து அப்பாவின் சட்டைகளை அலசினேன். வாளியைக் கழுவினேன். மறுபடி கழுவினேன். இப்போது எழுதலாம்.

அடித்தட்டுகள் ஏன் காலி என்று இன்று சும்மாதான் கேட்டேன். எஸ்தர் மேடத்துக்கு முகமே மலர்ந்துவிட்டது.

“போன நவம்பர் மழை ஞாபகம் இருக்கா? வாட்ச்மேன் போன் பண்ணி லைப்ரரிக்குள்ள தண்ணி வந்துடுச்சுன்னான். நான் ஆட்டோ புடிச்சு ஓடியாந்தேன். தாளாளருக்கு நான்தான் போன் போட்டு மோட்டார் வேணும்னு நின்னேன். அவர் அனுப்பிட்டாரு. விடிய விடிய ஓட்டினோம். ரெஃபரன்ஸ்ல ஒரு புக்கு போகல, தெரியுமா?”

“தண்ணிய எங்க விட்டீங்க மேடம்?”

“பின்னால. மதிலுக்கு அந்தப் பக்கம்.”

சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். என் கை பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருந்தது. மாவட்டக் கையேடு, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். நான் தொட்டுக்கொண்டிருந்த புத்தகம் அன்றைக்கு நனையாமல் தப்பித்த புத்தகம்.

மதிலுக்கு அந்தப் பக்கம் அம்மா கட்டிலில் கிடந்தாள். கால் முறிந்து பிளேட் வைத்திருந்தது, எழுந்து உட்காரக்கூட இன்னொருத்தர் வேண்டும். தண்ணீர் கட்டிலுக்கு ஏறியபோது எனக்கு விழிப்பு வந்தது. அம்மா எங்களை எழுப்பாமல் நனைந்துகொண்டு கிடந்திருக்கிறாள். “நீ நேத்து பரிச்சைக்குப் படிச்சிட்டுத் தூங்கின, அதான்” என்றாள். நானும் அப்பாவும் கதவைக் கழற்றி அதில் படுக்க வைத்துத் தூக்கிப் பள்ளிக்கூட வராந்தாவுக்குக் கொண்டுபோனோம். சளி நெஞ்சில் இறங்கிப் பத்தே நாளில் போய்விட்டாள். அந்தத் தண்ணீரில் நாப்தலின் நாற்றம் அடித்தது. யார் வீட்டுப் பீரோவோ கவிழ்ந்துவிட்டது என்று அப்போது நினைத்தோம்.

ஏரி தன் இடத்தைத் தேடி வரவில்லை. புத்தகம் நனையக் கூடாதென்று மோட்டார் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 10, வியாழன்

போகவில்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

போனேன். அந்தம்மா கேட்டார், “ஏன்மா நேத்து வரல, காய்ச்சலா?” ஆமாம் என்றேன். மாத்திரை எடுத்துக் கொடுத்தார். கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

அப்புறம் உட்கார்ந்து அடிக்குறிப்பு எழுதினேன். பதினேழாவது குறிப்பு. ‘நேர்காணல்: எஸ்தர் ராஜாத்தி, நூலகர், கனகாம்பாள் கலை அறிவியல் கல்லூரி. “மோட்டார் போட்டுத் தண்ணீரை மதிலுக்கு அந்தப் பக்கம் விட்டோம்.”’ பெயரோடு, பதவியோடு, நாளோடு. பக்க எண் இல்லாமல் எழுதக் கூடாதாமே. வாயால் சொன்னதற்குப் பக்கம் கிடையாது, ஆள்தான் உண்டு.

‘பெயர் வெளியிட விரும்பாத ஊழியர்’ என்று போடலாம். சட்டத்துக்கு அது போதும். நான் போடவில்லை. தணிகாசலத்துக்கு வெட்டுகிற குழியில் இன்னொரு ஆளுக்கும் இடம் இருக்கிறது.

எலுமிச்சை சாதம் நீட்டினார். பசியில்லை என்றேன்.

ஆகஸ்ட் 16, புதன்

கட்டுரை முடிந்தது. அந்த இரவில் நனைந்து தெருவில் ஒரு பெண் இறந்ததையும், என் அம்மா என்று சொல்லாமல், ஒரு வரி எழுதியிருக்கிறேன். துறைத்தலைவர் நீலமேகம் சாரிடம் கொண்டுபோனேன். படித்தால் கிழித்துப் போடுவார் என்று இன்னொரு பிரதியைப் பையில் வைத்திருந்தேன். அவர் படிக்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி எண்ணைப் பார்த்தார்.

“பன்னெண்டு பக்கமா? எட்டுல முடி. தலைப்பு இன்னும் கொஞ்சம் நீளமா வெய்யி. சுருக்கம் இங்கிலீஷ்ல ஒண்ணு போடு.”

“சரிங்க சார்.”

“பேரு மாத்தணும். ஒத்த ஆளா போடக் கூடாது. முதல் பேரு தாளாளர். ரெண்டாவது நான். மூணாவது நீ போட்டுக்கோ.”

“சார், நான்தானே எழுதினேன்.”

“யாரும்மா இல்லன்னா? இங்க எல்லாக் கட்டுரைக்கும் அப்படித்தான். கெமிஸ்ட்ரி பேப்பர்ல கூட ஐயா பேருதான் முதல்ல. தரக்குழு வர்றப்ப கணக்குக் காட்டணும்ல. உனக்கு ஃபீஸ் போட்டுப் படிக்க வெக்கிறாரு, ஒரு பேரு குடுக்க மாட்டியா?”

இதை எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது. அம்மாவைக் கொன்றான், ஃபிளெக்ஸ் அடித்தான், இப்போது அம்மாவுக்காக நான் எழுதியதையும் அவன் பெயரில் போட வேண்டுமாம். அப்பா “என்னம்மா ஆச்சு” என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். பாவம், பெட்டிக்குக் கரி போடப் போய்விட்டார். கட்டுரையைத் திரும்ப வாங்கிவிடப் போகிறேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

வாங்கப் போவதில்லை.

காலையில் அப்பா வண்டிக்குத் துணி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. கல்லூரி மதில் வாய்க்காலை அடைத்து நிற்கிறது என்று வெண்மதி எழுதினால் யாருக்கு என்ன? ஏரிக்கரைத் தெரு இஸ்திரிக்காரர் மகள், வயிற்றெரிச்சலில் எழுதுகிறாள் என்பார்கள். அதையே டாக்டர் கோ. தணிகாசலம் எழுதினால்?

ஏரியைத் தூர்த்தோம் என்று தணிகாசலம் சொல்கிறார். வாய்க்காலை மூடினோம் என்று தணிகாசலம் சொல்கிறார். மோட்டார் போட்டுத் தெருவில் விட்டோம் என்று தணிகாசலம், தன் நூலகரையே பேட்டி கண்டு எழுதுகிறார். அதைத் தானே அச்சடித்துத் தானே வெளியிடுகிறார்.

துணிகளை மடித்துக்கொண்டே சிரித்தேன். அப்பா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

நீலமேகம் சாரிடம் போய், “சாரி சார், நேத்து தெரியாம பேசிட்டேன். ஐயா பேரப் பெரிய எழுத்துல போடட்டுமா?” என்று கேட்டேன். சந்தோஷப்பட்டார். தலைப்பையும் நீளமாக்கினேன். ஒரு வரி முழுக்க வருகிறது, யாரும் பாதிக்கு மேல் படிக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 28, திங்கள்

ஒன்றை மறந்துவிட்டிருந்தேன். அச்சுக்குப் போகும் முன் எல்லாக் கட்டுரையும் நகல் சோதனைக்குப் போக வேண்டும், எங்கேயாவது பார்த்து எழுதியதா என்று கணினியில் போட்டு விழுக்காடு எடுப்பதற்கு. எடுப்பவர் நூலகர். சான்றிதழில் அவர் கையெழுத்துப் போட்டு, அவர் கணினியிலிருந்தே அச்சகத்துக்கு அனுப்புவார்.

பென்டிரைவை நீட்டினேன். “வெச்சிட்டுப் போ, கியூ இருக்கு,” என்றார். அடிக்குறிப்பை அழித்துவிட்டுக் கொடுத்திருக்கலாம். திரும்ப வாங்கி அழிக்கவும் வழி இருந்தது. வாசல் வரை வந்துவிட்டு ஒரு தடவை நின்றேன். அம்மா நனைந்துகொண்டு கிடந்ததை நினைத்தேன், நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 1, வெள்ளி

மூன்று விழுக்காடு. சான்றிதழ் கையில். எஸ்தர் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பக்க எண் எல்லாம் சரியா இருக்கு. சாயங்காலம் அச்சகத்துக்கு அனுப்பிடறேன்,” என்றார்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவரும் படிக்கவில்லை. எண்களைப் பார்த்திருக்கிறார், விழுக்காட்டைப் பார்த்திருக்கிறார். இந்தக் கல்லூரியில் யாரும் எதையும் படிப்பதில்லை. எனக்கு நல்லதுதான்.

போகும்போது, “அம்மா பேரு என்னம்மா?” என்று கேட்டார். விண்ணப்பத்துக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சொன்னேன். பச்சையம்மாள்.

செப்டம்பர் 15, வெள்ளி

கருத்தரங்கம். வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஒரே ஒருத்தர், அவரும் தாளாளரின் மச்சான் மகன், சிங்கப்பூரில் வேலை. அதனால் பன்னாடு.

புத்தகம் நல்ல கனம். சப் கலெக்டர் வெளியிட்டார், தாளாளர் முதல் பிரதி பெற்றுக்கொண்டார். சிறந்த கட்டுரை விருது யாருக்கு என்று அறிவித்தார்கள். நகல் விழுக்காடு எதில் குறைவோ அதற்காம். எங்கள் கட்டுரைதான். நான் எழுந்திருக்கப் பார்த்தேன், நீலமேகம் சார் தோளை அழுத்தி உட்கார வைத்தார். தணிகாசலம் தன் மேடையில் தானே நடந்துபோய்ச் சப் கலெக்டர் கையால் கேடயம் வாங்கினார்.

“தண்ணியைப் பத்தி நான் பல வருஷமா ஆராய்ச்சி பண்ணிட்டு வர்றேன்,” என்று மைக்கில் சொன்னார்.

கை தட்டினேன். கூட்டத்தில் என்னளவு யாரும் தட்டியிருக்க மாட்டார்கள். என் பிரதியில் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தேன். டாக்டர் கோ. தணிகாசலம், பெரிய எழுத்தில். பையில் வைத்துக்கொண்டேன். தயிர் சாதமும் ஒரு மைசூர்பாகும் கொடுத்தார்கள். மைசூர்பாகை அப்பாவுக்குக் கொண்டுவந்தேன்.

அக்டோபர் 9, திங்கள்

அப்பாவோடு நானும் போனேன். இந்த முறை விசாரணை என்று கல்லூரித் தரப்பையும் கூப்பிட்டிருந்தார்கள். தணிகாசலம், நீலமேகம் சார், ஒரு வக்கீல்.

“அங்க ஏரியே கிடையாது சார். புன்செய் நிலம். பொறாமையில மனு போடறாங்க,” என்றார் வக்கீல்.

அப்பா புத்தகத்தைச் சப் கலெக்டர் மேசையில் வைத்தார். நான் காகிதம் சொருகியிருந்த இடத்தில் அவர் திறந்தார்.

“இது உங்க கட்டுரைதானே? நான்தானே விருது கொடுத்தேன்.”

தாளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆமாங்க சார். நம்ம கட்டுரைதான்.”

சப் கலெக்டர் படிக்க ஆரம்பித்தார். சத்தமாக, நிதானமாக. ஏரியின் பரப்பு. வெள்ளிவிழா மலர், மூன்றாம் பக்கம், ஏரிக்கரையில் கால்கோள். கலங்கல் வாய்க்காலை மூடி எழுப்பிய மதில். தணிகாசலத்தின் முகம் வெளுத்ததை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். அந்த முகத்தை இதற்காகத்தான் இத்தனை நாள் தாங்கினேன்.

“யாருய்யா எழுதினது இது?” என்று தாளாளர் நீலமேகம் சார் பக்கம் திரும்பினார்.

“ஐயா, நீங்கதான்... அதாவது, பேரு...” என்று சார் இழுத்தார்.

வக்கீல் தாளாளரின் காதில் ஏதோ சொன்னார். “நான் எழுதலீங்க சார்,” என்றார் தாளாளர்.

“அப்ப விருது? பல வருஷமா ஆராய்ச்சின்னு மைக்ல சொன்னீங்களே. நீங்க எழுதலன்னா அதையும் எழுத்துல கொடுத்துடுங்க. உங்க பேர்ல இருக்குற மத்த கட்டுரைகளையும் பாக்கச் சொல்லி மேல அனுப்பறேன். எழுதினீங்கன்னா மதிலைப் பத்திப் பேசலாம். எது சொல்றீங்க?”

வாசலில் இரண்டு நிருபர்கள் நின்றிருந்தார்கள். தணிகாசலம் அவர்களைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். யார் என்று அப்போதுதான் தெரிந்தது போல. அரிசிப் பைப் பெண்.

“எழுதினது நான்தான்,” என்றார்.

மதிலை விட்டுக் கொடுத்தார், டாக்டரை விட்டுக் கொடுக்கவில்லை. வெளியே வந்ததும் அப்பா மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். நான் அழவில்லை. அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், நான் இரண்டு குடித்தேன்.

அக்டோபர் 19, வியாழன்

பொக்லைன் வந்தது. அளந்து குறி போட்ட இடத்தில் பின்மதிலை இடித்து வாய்க்காலைத் தோண்டினார்கள். தெருவே கூடி நின்றது. முதல் இடிக்கு நான் முன்வரிசையில் நின்றேன். தூசி வாய்க்குள் போனது, துப்பவில்லை.

நுழைவாயிலில் ஃபிளெக்ஸைக் காணோம்.

அக்டோபர் 25, புதன்

என்னை என்ன செய்வார்கள் என்று காத்திருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. செய்யவும் முடியாது. நான் பொய் எழுதினேன் என்றால் தாளாளரும் பொய் எழுதினார் என்று ஆகும். இரண்டாவது பெயர் நீலமேகம் சாருடையது, அவரையும் தொட முடியாது. என்னைக் கண்டால் அவர் வராந்தா மாறிப் போகிறார்.

மேலே மூன்று பெயரில் யாரையும் தொட முடியாததால் சான்றிதழில் இருந்த பெயரைப் பிடித்திருக்கிறார்கள். எஸ்தர் மேடத்தைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருட வேலை. சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டாராம்.

வேண்டியதுதான். நான் போட்ட கணக்கில் இதுவும் இருந்தது. பதினேழாவது குறிப்பு தன் வேலையைச் செய்தது என்று நினைத்துக்கொண்டேன். சாப்பாடு இறங்கவில்லை, நேற்று வைத்த குழம்பு கெட்டிருந்திருக்கும்.

நவம்பர் 3, வெள்ளி

நேற்றிலிருந்து மழை. தெருவில் தண்ணீர் நின்றது, வாய்க்காலைத் தேடிப்போய் வடிந்தது. நிற்கிறது, வடிகிறது. அப்பா வாசலில் நாற்காலி போட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மா கட்டில் காய்ந்து கிடக்கிறது.

கல்லூரிக்கு விடுமுறை. வேலை ஒன்றும் இல்லாமல் புத்தகத்தை எடுத்தேன். அச்சில் வந்ததிலிருந்து நான் அதில் முதல் பக்கத்தைத் தவிர எதையும் பார்த்ததில்லை. விசாரணையில் கூடக் காகிதம் சொருகியதோடு சரி. யாரும் படிப்பதில்லை என்று ஊரைத் திட்டினேன், நானும் படிக்கவில்லை. என் கட்டுரையை இன்று முதலிலிருந்து படித்தேன். இரண்டு இடத்தில் என் எழுத்துப்பிழையைத் திருத்தியிருக்கிறார்கள். ஒரு பக்க எண்ணை மாற்றியிருக்கிறார்கள். கையால் எழுதிய தாளை எடுத்து ஒப்பிட்டேன், நான்தான் தவறாகப் போட்டிருந்தேன்.

கடைசிப் பக்கத்தில் பதினேழாவது குறிப்பு. நான் எழுதியது இரண்டு வரி. அச்சில் இருப்பது இது:

‘நேர்காணல்: சா. எஸ்தர் ராஜாத்தி, நூலகர், கனகாம்பாள் கலை அறிவியல் கல்லூரி. “மோட்டார் போட்டுத் தண்ணீரை மதிலுக்கு அந்தப் பக்கம் விட்டோம். மூன்று மோட்டார்கள். கேட்டு வாங்கியது நான். அந்தப் பக்கம் வீடுகள் இருப்பது எனக்குத் தெரியும். ஏரிக்கரைத் தெரு பச்சையம்மாள் இறந்தது இதனால்.”’

தன் இன்ஷியலைக்கூட விடாமல் சேர்த்திருக்கிறார்.

திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தம்மாவை மன்னிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை. ஆனால் நான் வெட்டிய குழி என்று நினைத்தது, அவர் பார்த்துத் தெரிந்து இறங்கிய இடம். நாலு நாள் அந்தப் பென்டிரைவை வைத்திருந்தார். ஒரு விசையை அழுத்தினால் அந்தக் குறிப்பு போயிருக்கும், இருபத்திரண்டு வருட வேலை இருந்திருக்கும்.

அப்பாவைக் கூப்பிட்டு அந்தக் குறிப்பை மட்டும் படித்துக் காட்டினேன். அம்மா பெயர் வந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

“நல்லா எழுதியிருக்க பாப்பா,” என்றார்.

அதை நான் எழுதவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மேலே என் பெயர் இருக்கிறது.